கோபுரம் இங்கே, பொறியாளர் எங்கே?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜாஸ்பர் என்றொரு சிற்றூர். அங்கே டபிள்யூஜேஎல்எக்ஸ் என்ற ஏஎம் வானொலி நிலையம். 2024 பிப்ரவரி தொடக்கத்தில் அந்த நிலையம், மரங்களுக்கு நடுவே இருக்கும் தன் டிரான்ஸ்மிட்டர் வளாகத்தில் புதர் வெட்ட ஆட்களை அனுப்பியது. போனவர்கள் அங்கிருந்தே மேலாளரைப் போனில் கூப்பிட்டு, கோபுரத்தைக் காணோம் என்றார்கள். 200 அடி உயர இரும்புக் கோபுரம்! அதை இழுத்துப் பிடித்திருந்த கம்பிகள் மட்டும் தரையில் கிடந்தன. பக்கத்து அறையில் இருந்த டிரான்ஸ்மிட்டரும் போயிருந்தது. கோபுரத்துக்கு இன்சூரன்ஸ் கிடையாது.

செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. பொதுமக்கள் சிரித்தார்கள். ஒலிபரப்புப் பொறியாளர்கள் வேறொன்று கேட்டார்கள்: 1240 கிலோஹெர்ட்ஸில் சத்தம் நின்று எத்தனை நாள் ஆகிறது? அதை ஏன் எந்தக் கருவியும் சொல்லவில்லை? அதே நிகழ்ச்சி ஒரு சின்ன எஃப்எம் டிரான்ஸ்லேட்டர் வழியாகவும் இன்டர்நெட்டிலும் போய்க்கொண்டிருந்ததால், நேயர்களுக்குப் பாட்டு நிற்கவே இல்லை. சிலர் இந்தத் திருட்டுக் கதையையே சந்தேகித்தார்கள். நிலையத்தார் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாலும், கோபுரம் போன சேதியைக் கொண்டுவந்தவர்கள் புதர் வெட்டப் போனவர்கள்தான்.

அடுத்த அடி சட்டத்திடமிருந்து வந்தது. அமெரிக்க ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் ஆணையமான எஃப்சிசியின் விதிப்படி, அந்த எஃப்எம் டிரான்ஸ்லேட்டர் ஏஎம் நிலையத்தின் வால் மட்டுமே. தலை இல்லாமல் வால் ஆடக்கூடாது. எஃப்எம்மையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மிஞ்சியது இன்டர்நெட் ஒன்றுதான்.

இதைப் போன்ற சிறு நிலையங்கள்தான் இன்று அமெரிக்காவில் தொலைதூரப் பொறியாளரைத் தேடுகின்றன. வேலை விளம்பரத்தில் ‘ரிமோட்’ என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் பல முதலாளிகளிடம் இருக்கிறது. கம்ப்யூட்டர் நிறுவனத்தில் அது பலிக்கலாம். இங்கே வேலை செய்யும் பொருள் ஒரு காட்டிலோ மலை உச்சியிலோ நிற்கிறது. அதற்கு மின்னல் அடிக்கும், எலி கடிக்கும், டீசல் தீரும். தொலைவிலிருந்து பார்க்கும் கண்ணை வேலைக்கு எடுக்கும் நிலையம், பக்கத்தில் ஒரு கையையும் எடுத்தாக வேண்டும். கண்ணுக்கு மட்டும் சம்பளம் பேசி முடித்துவிட்டுக் கையை மறந்துபோகும் ஒப்பந்தங்கள்தான் பின்னால் விலை கேட்கின்றன.

ஆள் நகர்ந்த கதை

வானொலியின் முதல் தலைமுறையில் இப்படியொரு பேச்சுக்கே இடமில்லை. டிரான்ஸ்மிட்டர் ஓடும் நேரமெல்லாம் உரிமம் பெற்ற ஆபரேட்டர் ஒருவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதவேண்டும். 1953இல் எஃப்சிசி முதல் கதவைத் திறந்தது. திசைவழி ஆன்டெனா இல்லாத, 10 கிலோவாட்டுக்கு மேற்படாத நிலையங்கள் டிரான்ஸ்மிட்டரைத் தொலைவிலிருந்து இயக்கலாம் என்றது. 1980களின் தொடக்கத்தில், பொறியாளர்கள் கஷ்டப்பட்டுப் படித்துத் தேறிய முதல் வகுப்பு ஆபரேட்டர் உரிமமே ஒழிந்தது. 1995இல், கருவிகள் சரியாக இருந்தால் டிரான்ஸ்மிட்டரை ஆளே இல்லாமல் ஓடவிடலாம் என்றாகிவிட்டது.

அடுத்த ஆண்டு வந்த தொலைத்தொடர்புச் சட்டம்தான் பெரிய திருப்பம். அதுவரை ஒரு நிறுவனம் நாடு முழுவதும் 20 ஏஎம், 20 எஃப்எம் நிலையங்களுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. 1996இல் அந்தத் தேசிய உச்சவரம்பு நீக்கப்பட்டது. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் 1,200க்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. ஊருக்கு ஒரு தலைமைப் பொறியாளர் இருந்த இடத்தில், நாலைந்து ஊருக்கு ஒருவர் என்று கணக்குப் போட்டார்கள். 2017 அக்டோபரில் எஃப்சிசி இன்னொரு விதியையும் நீக்கியது. உரிமம் பெற்ற ஊரிலோ அருகிலோ ஆள் உட்காரும் ஸ்டுடியோ இருந்தாக வேண்டும் என்பது ஏறத்தாழ 80 ஆண்டுப் பழைய விதி. இனி அது தேவையில்லை, உள்ளூர் எண்ணோ கட்டணமில்லா எண்ணோ ஒரு போன் இருந்தால் போதும்.

கருவிகளும் இதற்கு ஒத்துழைத்தன. வால்வு வைத்த பழைய டிரான்ஸ்மிட்டரை அடிக்கடி ஒருவர் கைவைத்து ட்யூன் செய்யவேண்டும். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இருக்கும் நாட்டெல், இல்லினாயின் குவின்சியில் இருக்கும் கேட்ஸ்ஏர் போன்ற நிறுவனங்கள் செய்யும் டிரான்ஸ்மிட்டர்களில் சக்தி பல மாட்யூல்களாகப் பிரிந்திருக்கிறது. ஒன்று எரிந்தால் ஒலிபரப்பு நிற்காது. சக்தி கொஞ்சம் குறையும். மற்ற விவரமெல்லாம் பிரவுசரில் ஒரு பக்கமாகத் திறக்கும்.

இந்த மாற்றங்களுக்கு நடுவே ஒரு தலைமுறை ஓய்வு பெற்றுப் போனது. இண்டியானாபொலிஸில் இருக்கும் ஒலிபரப்புப் பொறியாளர் சங்கமான எஸ்பிஇ, 1964இல் தொடங்கியது. புதியவர்களை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவர அது பயிற்சித் திட்டமும், மூத்தவரோடு இளையவரைச் சேர்த்துவைக்கும் திட்டமும் நடத்திக்கொண்டிருக்கிறது. ஆள் இல்லை என்பதால்தான் தொலைவில் இருப்பவரைத் தேடவேண்டிய நிலை. பணத்தை மிச்சப்படுத்தும் சாமர்த்தியம் என்று இதைக் காட்டிக்கொள்பவர்களும் உண்டு. அது பாதி உண்மைதான்.

ஓர் இரவுப் பணி

தொலைவில் இருக்கும் பொறியாளர் அப்படி என்னதான் பார்க்கிறார்? முதலில் இரண்டு எண்கள். டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் சக்தி ஒன்று. ஆன்டெனா ஏற்காமல் திருப்பியனுப்பும் சக்தி மற்றொன்று. கிணற்றுக்குள் கத்தினால் குரல் திரும்பி வருவதைப் போல, ஆன்டெனாவிலோ அதற்குப் போகும் கேபிளிலோ பழுது இருந்தால் சக்தி திரும்பிவரும். அந்த இரண்டாவது எண் ஏறிக்கொண்டே போனால் கேபிளில் தண்ணீர் புகுந்திருக்கலாம், ஆன்டெனாவில் பனி உறைந்திருக்கலாம், இணைப்பு ஒன்று கருகத் தொடங்கியிருக்கலாம். மழை பெய்யும் இரவுகளில் மட்டும் ஏறுகிறதா, எப்போதும் ஏறுகிறதா என்று ஒரு மாதத்து வரைபடத்தை வைத்துப் படிப்பவர் நல்ல பொறியாளர். எண் சிவப்பாக மாறியதும் ரீசெட் பொத்தானை அழுத்துபவருக்கு மாதச் சம்பளம் வீண்.

சக்திக்கு வரம்பு உண்டு. உரிமத்தில் எழுதிய அளவில் 90 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது, 105ஐத் தாண்டக்கூடாது. மற்ற நிலையங்களைப் பெரிதாகக் குலைக்கும் கோளாறு என்றால் மூன்று நிமிடத்துக்குள் சரிசெய்ய வேண்டும், இல்லையேல் ஒலிபரப்பையே நிறுத்தவேண்டும். இந்த மூன்று நிமிடம் ஒப்பந்தத்தின் முதுகெலும்பு. பொறியாளர் தூங்கினாலும் சினிமாவுக்குப் போனாலும், அவருடைய போனையோ தானாக அணைக்கும் கருவியையோ அந்த நேரத்துக்குள் எச்சரிக்கை எட்டியாக வேண்டும்.

ஏஎம் நிலையங்களுக்குச் சூரியனும் ஒரு மேலதிகாரி. பகலில் வானத்தின் கீழ் அயனி அடுக்கு மீடியம் வேவ் அலைகளை விழுங்கிவிடும். இருட்டியதும் அந்த அடுக்கு கரையும். அலை மேலே போய்த் திரும்பிப் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கும். இரவில் மீடியம் வேவ் முள்ளைத் திருப்பித் தூரத்து ஊர்களைப் பிடித்த அனுபவம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் உண்டு. அதனால் அமெரிக்காவில் பல நிலையங்கள் அஸ்தமன நேரத்தில் சக்தியைக் குறைக்க வேண்டும், அல்லது பல கோபுரங்களைச் சேர்த்து அலையை வேறு திசைக்குத் திருப்பவேண்டும். அந்த மாற்றம் ஒருநாள் நடக்காமல் போனால் இன்னொரு மாநிலத்து நேயர் தன் ஊர் நிலையத்துக்கு மேல் வேறு குரலைக் கேட்பார். மாற்றுவது தானியங்கிதான். மாறியதா என்று பார்ப்பது ஆளின் வேலை.

கோபுரத்தின் சிவப்பு விளக்குக்கும் சட்டம் இருக்கிறது. 200 அடிக்கு மேற்பட்ட கோபுரங்கள் பொதுவாக விமானங்களுக்குத் தெரியும்படி விளக்கோ வண்ணமோ தாங்கவேண்டும். விளக்கு எரிகிறதா என்று 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பார்க்கவேண்டும், அல்லது தானியங்கி அலாரம் இருக்கவேண்டும். உச்சி விளக்கோ மினுக்கும் விளக்கோ அணைந்து 30 நிமிடத்துக்குள் சரியாகாவிட்டால் விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு உடனே சொல்லவேண்டும். தொலைதூரப் பொறியாளர் போன் எடுத்துச் சொல்லிவிடலாம். பல்பை மாற்றக் கோபுரம் ஏறத் தெரிந்தவர்தான் வேண்டும்.

வேலையில் பாதி இன்று கம்ப்யூட்டர் வேலை. 2022 ஜனவரியில் சியாட்டில் பகுதியில் சில பழைய மஸ்தா கார்களின் ரேடியோக்கள் கேயூஓடபிள்யூ என்ற ஒரே எஃப்எம் நிலையத்தில் சிக்கிக்கொண்டன. திரை மறுபடி மறுபடி அணைந்து எரிந்தது. வேறு நிலையத்துக்கு மாற்ற முடியவில்லை. நிலையம் டிஜிட்டல் சிக்னலோடு அனுப்பிய படக் கோப்புகளின் பெயரில் கடைசியில் வரவேண்டிய நீட்சி இல்லாததே காரணம் என்று விளக்கம் வந்தது. பழுதான யூனிட்டை மாற்றினால்தான் ஆயிற்று என்றார்கள். கோப்புக்கு வைத்த பெயர் காரின் ரேடியோவைக் கெடுக்கும் என்று வால்வு காலத்துப் பொறியாளர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

சாவி யாரிடம்?

தொலைவிலிருந்து ஒருவர் நுழையக்கூடிய கதவு, எல்லோருக்குமே கதவுதான். 2013 பிப்ரவரி 11 அன்று மொன்டானாவின் கிரேட் ஃபால்ஸ் நகரில் கேஆர்டிவி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அவசர எச்சரிக்கை ஒன்று வந்தது. செத்தவர்கள் கல்லறையிலிருந்து எழுந்து உயிரோடிருப்பவர்களைத் தாக்குவதாக அது அறிவித்தது. மிஷிகனிலும் இதே கூத்து நடந்தது. யாரோ இன்டர்நெட் வழியே எச்சரிக்கைக் கருவிக்குள் புகுந்திருந்தார்கள். தொழிற்சாலையில் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை. கையேட்டில் அச்சான பாஸ்வேர்டுக்கு எதற்குத் திருடன்?

2016 ஏப்ரலில் நடந்தது இன்னும் சங்கடம். ஸ்டுடியோவிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்கு இன்டர்நெட் வழியே ஒலியைக் கொண்டுபோகும் பாரிக்ஸ் என்ற சிறு பெட்டிகளை யாரோ கைப்பற்றினார்கள். கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜில் ஒரு எஃப்எம் நிலையமும் டெக்சஸில் இன்னொன்றும், விலங்கு வேஷம் போடுபவர்களின் ஆபாசப் பேச்சு நிகழ்ச்சி ஒன்றை ஒலிபரப்பின. நேயர்கள் நிலையத்தைத் திட்டித் தீர்த்தார்கள். பெட்டிக்குள் புகுந்தவர்கள் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டதால் தொலைவிலிருந்து எதுவும் செய்ய முடியவில்லை. கடைசியில் ஆள் வண்டியை எடுத்துக்கொண்டு டிரான்ஸ்மிட்டர் இருக்கும் இடத்துக்கே போய்ப் பெட்டியைச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. தொலைதூர வசதியால் வந்த கேடு நேரில் போனபிறகே தீர்ந்தது.

ஆகவே புதிய பொறியாளருக்கு வைக்கும் முதல் வேலை டிரான்ஸ்மிட்டர் பற்றியதாக இருக்கத் தேவையில்லை. எந்தெந்தக் கருவி இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்து கிடக்கிறது, அதில் எதை விபிஎன் என்ற பூட்டிய தனிப்பாதைக்குப் பின்னால் தள்ளவேண்டும், முன்பு வேலை பார்த்துப் போனவர்களில் இன்னும் யாரிடம் பாஸ்வேர்டு இருக்கிறது என்று ஒரு பட்டியல் கேட்கலாம். பட்டியலைப் பார்த்து முதலாளி அதிர்ந்தால், சம்பளத்தில் பாதிக்கு அன்றே பலன் கிடைத்துவிட்டது.

நேர்காணலில் என்ன கேட்பது? சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கலாம். எஸ்பிஇ வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் நெட்வொர்க்குக்கும் தனித்தனியே தேர்வு நடத்துகிறது. தேறியவர் அடிப்படை அறிந்தவர். ஆனால் ஒரு பழுதைச் சொல்லி அவர் யோசிப்பதைக் கேட்பது அதைவிட உதவும். உதாரணத்துக்கு இப்படி: இரவு இரண்டு மணி, டிரான்ஸ்மிட்டரின் பக்கம் பிரவுசரில் திறக்கவில்லை, இன்டர்நெட் ஒலி ஓடுகிறது, என்ன செய்வீர்கள்?

ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்வேன் என்று தொடங்குபவர் கம்ப்யூட்டர் பிள்ளை. தப்பில்லை, ஆனால் அவசரம். அனுபவசாலி முதலில் கேட்பது, ஒலிபரப்பு நின்றதா, இல்லை நம் பார்வை மட்டும் நின்றதா என்பது. உள்ளூரில் இருக்கும் ஒருவரை எழுப்பிக் காரில் ரேடியோவைப் போட்டுப் பார்க்கச் சொல்வார். சத்தம் கேட்டால் டிரான்ஸ்மிட்டர் நலம். இணைப்புதான் அறுந்திருக்கிறது. டிரான்ஸ்மிட்டரை அணைக்க வேறு வழி கையில் இருந்தால் விடியும்வரை பொறுக்கலாம். கேட்காவிட்டால், வேறு பாதையில் வரும் விளக்கு அலாரம் என்ன சொல்கிறது, அந்தப் பகுதியில் மின்சாரம் இருக்கிறதா, ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வருவார். அந்த உள்ளூர்க்காரரின் பெயரை அவரே கேட்டுவிட்டால், நேர்காணலை அதோடு முடித்துக்கொள்ளலாம்.

உள்ளூர்க்காரர் யாராகவும் இருக்கலாம். எலக்ட்ரீஷியன், பக்கத்துப் பண்ணைக்காரர், நிலையத்தின் காலை அறிவிப்பாளர். கேட் சாவி அவரிடம் இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்க வேண்டும்: ஏஎம் நிலையத்தில் பெரும்பாலும் கோபுரமே ஆன்டெனா. ஜாஸ்பரில் காணாமல்போன 200 அடி என்பதே 1240 கிலோஹெர்ட்ஸ் அலைநீளத்தில் கால் பங்குதான். ஒலிபரப்பு நடக்கும்போது தரையில் நின்றபடி அந்த இரும்பைத் தொட்டால் உடம்பு வெந்துவிடும். வேலி போட்டிருப்பது மாடு நுழையாமல் இருக்க மட்டும் இல்லை.

கையெழுத்துப் போடுபவர்

நிலையத்தில் ‘தலைமை ஆபரேட்டர்’ என்று ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது எஃப்சிசி விதி. வாராவாரம் பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்திடுவது, அவசர எச்சரிக்கைச் சோதனைகள் நடந்தனவா என்று சரிபார்ப்பது, அளவீடுகள் எடுக்கப்படுவதைக் கவனிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. எஃப்எம் நிலையமும், திசைவழி ஆன்டெனா இல்லாத 10 கிலோவாட் வரையிலான ஏஎம் நிலையமும் இவரை ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், நகல் நிலையத்தில் இருக்கவேண்டும். மற்ற ஏஎம் நிலையமும் தொலைக்காட்சியும் என்றால் அவர் நிலையத்தின் ஊழியராகவே இருக்கவேண்டும். தொலைதூரப் பொறியாளரை எடுக்கும்போது இந்தப் பொறுப்பும் அவருக்குத்தானா, இல்லை வேறொருவருக்கா என்று தெளிவாக எழுதாத ஒப்பந்தம் ஆபத்து.

பொறியாளரை எத்தனை தூரத்தில் வைத்தாலும் உரிமம் வைத்திருப்பவரின் பொறுப்பு நகராது. இதற்கு லண்டனில் ஒரு பாடம் இருக்கிறது. 2021 செப்டம்பர் 25 அன்று ரெட் பீ மீடியா நிறுவனத்தின் ஒளிபரப்பு மையத்தில் தீயணைப்பு வாயு அமைப்பு இயங்கிவிட்டது. வாயு பீய்ச்சிய அதிர்வில் ஹார்டு டிஸ்குகள் கெட்டன. அங்கிருந்து ஒளிபரப்பாகிவந்த பல சேனல்கள் தடுமாறின. அவற்றில் ஒன்றான சேனல் 4இன் வசன வரிகள் வாரக்கணக்கில் சரியாகவில்லை. காது கேளாத நேயர்கள் கொதித்தார்கள். ஊழியர் ரெட் பீயுடையவர், கருவி ரெட் பீயுடையது, கட்டடமும் சேனல் 4உடையது இல்லை. ஆனாலும் 2022இல் பிரிட்டிஷ் ஒழுங்காணையமான ஆஃப்காம், உரிம நிபந்தனையை மீறியதாகச் சொன்னது சேனல் 4ஐத்தான். நேயர்களுக்கு நிலைமையைச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்றும் குறை சொன்னது.

கூலியை இரண்டாகப் பிரித்துப் பேசுவது நல்லது. மாதந்தோறும் கண்காணிப்புக்கு ஒரு தொகை. இரவில் எழுப்பினால், நேரில் வரவேண்டியிருந்தால் மணிக்கணக்கில் தனித் தொகை. இரண்டையும் ஒன்றாக்கிக் குறைத்துப் பேசினால், எழுப்பும்போதெல்லாம் பொறியாளருக்கு நஷ்டம். அவர் போனை எடுக்கத் தாமதிப்பார், மனித சுபாவம். இன்னொரு கணக்கும் முதலாளிக்குத் தெரிந்திருக்கட்டும். அமெரிக்க நிலையம் ஒலிபரப்பை நிறுத்தினால் 10 நாளுக்குள் எஃப்சிசிக்குச் சொல்லவேண்டும். 30 நாளைத் தாண்டினால் அனுமதி வாங்கவேண்டும். தொடர்ந்து 12 மாதம் மௌனமாக இருந்தால் உரிமம் தானாகவே காலாவதியாகும்.

தொலைக்காட்சியிலும் விளையாட்டு ஒளிபரப்பிலும் இதே ஏற்பாடு பெரிய அளவில் நடக்கிறது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் என்பிசி தொலைக்காட்சியின் வர்ணனையாளர்கள் அமெரிக்காவின் ஸ்டாம்ஃபோர்டில் உட்கார்ந்து பேசினார்கள். அதற்கு முன்பே, 2020 ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் செஞ்சூரியனில் நடந்த ஒரு கண்காட்சி கிரிக்கெட் போட்டிக்கு, இர்ஃபான் பதானும் சஞ்சய் மஞ்ச்ரேக்கரும் தீப் தாஸ்குப்தாவும் இந்தியாவில் தங்கள் வீடுகளிலிருந்தே வர்ணனை கொடுத்தார்கள். ஃபைபரில் ஒளி 1,000 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 மில்லி விநாடி. படத்தைச் சுருக்கி விரிப்பதில் ஆகும் தாமதம் அதைவிடப் பெரிது. கேமராக்காரருக்கும் டைரக்டருக்கும் நடக்கும் பேச்சில் அந்தத் தாமதம் உறுத்தும். ஆனால் அங்கே பணம் இருக்கிறது, இரட்டை ஃபைபர் இருக்கிறது, மைதானத்தில் கேபிள் இழுக்கும் குழுவும் இருக்கிறது. கண்ணும் கையும் அங்கே தனித்தனியாகவே பட்ஜெட்டில் வரும். ஊர் வானொலிக்கு அந்த வசதி இல்லை.

ஊர் வானொலிதான் கடைசியில் மிஞ்சும் என்பதற்கு 2024 செப்டம்பர் இறுதியில் வட கரோலினாவின் மேற்கு மலைப்பகுதி சாட்சி. ஹெலீன் புயல் வெள்ளத்தில் ஆஷ்வில் நகரில் மின்சாரம், குடிநீர், செல்போன், இன்டர்நெட் எல்லாம் போயின. புளூ ரிட்ஜ் பொது வானொலியும் 570 ஏஎம்மில் ஒலிக்கும் டபிள்யூடபிள்யூஎன்சியும் காற்றில் இருந்தன. தண்ணீர் எங்கே கிடைக்கும், எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று மக்கள் காரில் உட்கார்ந்து கேட்டார்கள். இப்படியொரு நாளில் தொலைவிலுள்ள பொறியாளரின் திரை வெறுமையாக இருக்கும். ஜெனரேட்டரில் எத்தனை மணி நேரத்துக்கு டீசல் இருக்கிறது என்பதை அவரால் கேட்கக்கூட முடியாது. இன்டர்நெட்டை விட்டால் ஸ்டுடியோவிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்கு ஒலி போக வேறு வழி இருக்கிறதா? நேர்பார்வை மைக்ரோவேவ் இணைப்பைச் செலவு என்று கழற்றிப் போட்ட நிலையங்கள் இந்தக் கேள்வியைப் புயலுக்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. கண்காணிப்புக்கும் இரண்டாவது பாதை, செல்போன் மோடமோ செயற்கைக்கோளோ ஏதாவது ஒன்று, ஒப்பந்தத்தில் வரவேண்டும்.

வேலைக்கு வருபவர் இப்போது பெரும்பாலும் நெட்வொர்க் படித்த இளைஞராக இருப்பார். ரவுட்டர் அவருக்கு அத்துப்படி. கோபுர அடியில் உட்கார்ந்திருக்கும் பீங்கான் இன்சுலேட்டரை அவர் பார்த்திருக்கமாட்டார். ஓய்வுபெறப் போகும் மூத்தவர் இன்னும் ஊரில் இருக்கும்போதே, முதல் வாரத்தை இந்தப் புதியவர் நேரில் வந்து அவரோடு கழிக்கவேண்டும். ஒவ்வொரு சுவிட்சையும் படம் எடுத்து, ஒவ்வொரு வயரிலும் பெயர் ஒட்டி, டீசல் விற்பவர், ஏசி மெக்கானிக், கோபுரம் ஏறுபவர், பனிக்காலத்தில் மலைப்பாதையைச் சுத்தம் செய்பவர் ஆகியோரின் எண்களை எழுதி, அந்தக் கோப்பின் ஒரு காகிதப் பிரதியை டிரான்ஸ்மிட்டர் அறைச் சுவரிலேயே தொங்கவிடலாம். சாவி வைத்திருக்கும் உள்ளூர்க்காரரும் அந்த வாரம் கூடவே இருக்கட்டும். நடு இரவில் போனில் ‘இடது பக்கம் மூன்றாவது பிரேக்கர்’ என்று சொன்னால் அவர் கை எங்கே போகவேண்டும் என்று இருவருமே பார்த்திருப்பார்கள். அந்த ஒரு வாரத்துப் பயணச் செலவும் தங்கும் செலவும் நிலையத்தைச் சேர்ந்தது என்பதை வேலை விளம்பரத்திலேயே எழுதிவிடலாம்.